பார்த்துச் செய்வது வேறு, படியெடுப்பது வேறு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று எழுதிவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான்.

போன மாதம் உறவில் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் தம்பி மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. "இன்னும் மாடியில உக்காந்து பொம்மைதான் செஞ்சிக்கிட்டிருக்கானா?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் தம்பி இலையைப் பார்த்தபடி சாப்பிட்டான். அந்தப் பையன் அப்போது அதே பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். காதில் விழாததுபோல அடுத்த இலைக்குப் போய்விட்டான். நானும் அங்கே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. 36 வருடம் வகுப்பறையில் வாய் ஓயாமல் பேசியவள், பேச வேண்டிய இடத்தில் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அவன் செய்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பலருக்கும் அதுவே தெரியாது.

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்று ஓர் அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கியது. விண்கலத்தில் ஊர் ஊராக, அதாவது கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் கதை. அதில் கப்பல் தலைவர் கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார். கறுப்புப் பெட்டி, மேலே பொன்னிறத்தில் வலை மாதிரி ஒரு மூடி. மூடியைத் தட்டித் திறந்தால் கப்பலோடு பேசலாம். 'கம்யூனிகேட்டர்' என்று பெயர். 1996-ல் மோட்டோரோலா கம்பெனி 'ஸ்டார்டாக்' என்ற மடக்குக் கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 30 வருடம் முன்பே, நாமெல்லாம் டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில், இந்தப் பெட்டி தொலைக்காட்சியில் மூடி திறந்து பேசியிருக்கிறது.

அந்தப் பெட்டியைச் செய்தவர் வா சாங் என்ற சீன வம்சாவளி அமெரிக்கச் சிற்பி. 1917-ல் ஹோனலுலுவில் பிறந்தவர். இளம் வயதிலேயே போலியோ தாக்கியது. டிஸ்னி நிறுவனத்தில் 'பினோக்கியோ' படத்துக்காக ஓவியர்கள் பார்த்து வரைவதற்கு மர மாதிரிகள் செய்தவர். ஸ்டார் ட்ரெக்கில் இந்தப் பெட்டியையும், தோளில் மாட்டும் இன்னொரு ஆராய்ச்சிக் கருவியையும், சில விசித்திர உயிரினங்களையும் செய்தார். ஆனால் தொடரின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

என் தம்பி மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் 2 வருடம் ஒப்பந்த வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். கும்பகோணத்துக்குத் திரும்பி வந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பகலில் விண்ணப்பம் போடுவான், நேர்முகத் தேர்வுக்குப் போவான். சாயங்காலம் மாடி அறைக்குப் போனால் இந்த வேலைதான். 5 மாதம் நடந்தது. அதில் பாதி நாள் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஓய்வுபெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

முதலில் படங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினான். எதிரில், பக்கவாட்டில், மேலிருந்து என்று எல்லாக் கோணத்திலும். ஸ்கேலை வைத்து விகிதம் கணக்குப் போட்டான். பிறகு அட்டையில் வெட்டினான். சரியில்லை. திரும்ப வெட்டினான். நான்காவது அட்டைப் பெட்டிதான் கையில் பிடித்தால் சரியாக உட்கார்ந்தது. அதன் பிறகுதான் பிளாஸ்டிக் தகடு வாங்கி வந்து வெட்டி ஒட்டினான். மூலைகள் வளைந்து இறங்கும் இடத்தில் பட்டி பூசினான். காய்ந்ததும் உப்புத்தாள். 220, பிறகு 400, பிறகு தண்ணீர் தொட்டு 800. தேய்த்த பிறகு சாம்பல் நிறப் பிரைமர் அடித்தான். எனக்குப் பார்க்க வழவழவென்று இருந்த இடத்தில் எல்லாம் பிரைமர் அடித்ததும் கீறல் கீறலாகத் தெரிந்தது. மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். இப்படி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. விரல் நுனி தேய்ந்து, கைப்பேசி அவன் ரேகையைப் படிக்க மறுத்தது மட்டும் தெரியும்.

இதுதான் மூல உரு. இதை வைத்துத்தான் மோல்டு எடுக்க வேண்டும். மோல்டு எடுத்துவிட்டால், தேய்த்துத் தேய்த்து நொந்துபோன இந்த ஒன்று உடைந்தாலும் கவலையில்லை. வார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு சம்பவம். அவன் நண்பன் ஒருவன், வெளிநாட்டில் ஒருவர் செய்து விற்கும் இதே பெட்டியை வாங்கி வைத்திருந்தான். நல்ல வேலைப்பாடு. "ஏன்டா மாசக்கணக்கா தேய்க்கிற? இந்தா, இது மேலயே சிலிகானை ஊத்தி மோல்டு எடு. ரெண்டு நாள் வேலை. பத்து பீஸ் போட்டு ஆன்லைன்ல வித்துடலாம்" என்றான். நண்பன் போன பிறகு நானும் சொன்னேன்: "அவன் சொல்றதும் சரிதானேடா? எடுத்துடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தை, பரீட்சையில பக்கத்துப் பையன் பேப்பரைப் பாத்து எழுதினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பேப்பரைப் பிடுங்குவேன்."

"இதுவும் அதுதான் அத்தை. அதைச் செஞ்சவரு ஆறு மாசம் உக்காந்து தேய்ச்சிருப்பாரு. அது அவரு தேய்ச்ச தேய்ப்பு. நான் எப்படி எடுக்கறது?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவனே விளக்கினான். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. படத்தைப் பார்த்து, அளந்து, அடியிலிருந்து நீயே செய்தால் மரியாதை. இன்னொருவர் செய்து முடித்ததன் மேல் மோல்டு எடுத்து விற்றால் அது திருட்டு. அதற்கு 'ரீகாஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தவனோடு யாரும் சேரமாட்டார்கள்.

தர்மத்தை விடுங்கள், பௌதிகமும் இதைத்தான் சொல்கிறது. ரெசின் இறுகும்போது மிகக் கொஞ்சம் சுருங்கும். வார்த்ததன் மேல் மோல்டு எடுத்து மறுபடி வார்த்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். கூரான விளிம்பு மழுங்கும். குமிழி, கீறல் எல்லாம் அப்படியே வரும், கூடப் புதுக் குமிழியும் சேரும். படியின் படி, அதன் படி என்று போகப் போகப் பொருள் சிறுத்து மங்கிக்கொண்டே போகும்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் பள்ளிக்கூட நோட்ஸ்தான் ஞாபகம் வந்தது. ஒருவர் புத்தகத்தைப் படித்துக் குறிப்பு எழுதுவார். அதைப் பார்த்து இன்னொருவர் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். அடுத்த வருடம் அந்த நோட்டையே வாங்கி அடுத்த பிள்ளை எழுதும். ஐந்தாவது வருடம் பார்த்தால் பாதி வாக்கியத்துக்கு அர்த்தமே இருக்காது. ஆனால் மதிப்பெண் கிடைக்கும்.

சரி, மோல்டு எப்படி எடுத்தான் என்று சொல்கிறேன். என் மாணவர்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். உங்களுக்கு இது உதவும்.

அந்தப் பெட்டி உள்ளே கூடானது. உள்பக்கத்தைக் களிமண்ணால் நிரப்பி, கவிழ்த்து, களிமண் படுக்கையின் மேல் வைத்தான். சாதாரணக் களிமண் இல்லை, கந்தகம் கலக்காத மாடலிங் களிமண். கந்தகம் பட்டால் சில வகைச் சிலிகான் இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடுமாம். படுக்கையில் நான்கு இடத்தில் கோலிக்குண்டை அழுத்திக் குழி செய்தான். இரண்டு பாதி மோல்டும் பின்னால் இடம் மாறாமல் பொருந்துவதற்கு அதுதான் பூட்டு. சுற்றிலும் அட்டையால் பெட்டி கட்டி, கெட்டியான சிலிகானில் இறுக்கும் திரவத்தை எடை பார்த்துக் கலந்து ஊற்றினான். நேராக மேலே கொட்டவில்லை. உயரத்திலிருந்து, ஒரு மூலையில், நூல் மாதிரி மெல்லியதாக. நாம் டிகிரி காபி ஆற்றுவது போலத்தான், ஆனால் நுரை வருவதற்காக இல்லை. உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி வழியிலேயே உடைவதற்காக. ஒரு ராத்திரி முழுக்க இறுக விட்டான்.

மறுநாள் திருப்பிப் போட்டுக் களிமண்ணை எடுத்தான். இப்போது உள்பக்கத்துக்கு மறுபாதி ஊற்ற வேண்டும். சிலிகான் எதனோடும் சுலபமாக ஒட்டாது; ஆனால் சிலிகானோடு சிலிகான் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் பாதியின் மேல் வாசலின் தடவ வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிரஷ்ஷால் தடவினேன். ஒரு மூலையை விட்டுவிட்டேன்.

மறுநாள் பிரிக்கும்போது மூன்று பக்கம் அழகாகப் பிரிந்தது. நான் விட்ட மூலை ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அவன் பிளேடால் வெட்டிப் பிரித்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த மூலை சொரசொரவென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வார்த்த ஒவ்வொரு பெட்டியிலும் அந்த மூலையில் மட்டும் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டு வருகிறது. ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. "அத்தை மூலை" என்று பெயர் வைத்திருக்கிறான்.

அடுத்தது ரெசின். பாலியூரித்தேன். இரண்டு பாட்டில், சம அளவு கலந்தால் சில நிமிடத்தில் சூடேறி இறுகிவிடும். அதன் ஆவி நல்லதில்லை. கையுறை, முகமூடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். எனக்கு இழுப்பு இருப்பதால் அறைக்குள்ளேயே விடமாட்டான். மாடிப்படியில் உட்கார்ந்துதான் பார்ப்பேன். வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த ரெசினைத் தொடாதீர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும்.

முதல் வார்ப்பு கார்த்திகை மாத மழையில். மோல்டைத் திறந்தால் உள்ளே இட்லி மாதிரி உப்பி, துளை துளையாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. ரெசினில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும், அந்த வாயுதான் உப்ப வைத்தது என்றான். தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழைக் காற்றின் ஈரம், திறந்து வைத்த பாட்டில், கலக்கிய ஐஸ்கிரீம் குச்சி. மரக்குச்சி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அல்லவா? பொங்கல் கழித்து வெயில் வரும் வரை காத்திருந்தான். குச்சிக்குப் பதில் ஸ்டீல் கரண்டி. பாட்டிலை உடனுக்குடன் மூடினான். இரண்டாவது வார்ப்பில் உப்பல் இல்லை; ஆனால் மேல் மூலையில் பட்டாணி அளவு பள்ளம். காற்று வெளியே போக வழி இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டது. மோல்டில் அந்த இடத்திலிருந்து மேலே ஒரு மெல்லிய வழி வெட்டினான். மோல்டுக்குள் லேசாக டால்கம் பவுடர் தூவினான். மூன்றாவது வார்ப்பு சரியாக வந்தது.

நான் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவள். நீராவி, வாயு, வேதிவினை, சுருக்கம், விகிதம் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். கரியமில வாயு ஒரு வார்ப்பைக் கெடுத்து, 5 மாத உழைப்பின் முதல் பலனை இட்லியாக்கியதைப் பார்த்த அன்றுதான், "வினை" என்ற சொல்லை நானே சரியாகப் புரிந்துகொண்டேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

பார்த்துச் செய்வது வேறு, படியெடுப்பது வேறு. இரண்டையும் நாம் "காப்பி" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். முதலாவதில் கண் வேலை செய்கிறது, கை வேலை செய்கிறது, தப்பு வருகிறது, ஏன் வந்தது என்று மூளை வேலை செய்கிறது. இரண்டாவதில் எதுவும் வேலை செய்வதில்லை, பொருள் மட்டும் வந்துவிடுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் முதலாவதைக் கேலி செய்கிறோம். இரண்டாவதற்கு மதிப்பெண் போடுகிறோம்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே சுவாமிமலை இருக்கிறது. அங்கே ஸ்தபதிகள் நடராசரைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு பிரித்துக்கொள்வார்கள். அந்த அளவில் மெழுகில் உரு செய்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அடுத்த நடராசருக்கு மறுபடி ஓலை, மறுபடி மெழுகு. நூறு நடராசரும் ஒரே உருவம்தான், "காப்பி"தான். ஆனால் யாராவது அவர்களைக் காப்பியடிக்கிறவர்கள் என்று சொல்வோமா? பார்த்தும் அளந்தும் திரும்பத் திரும்பச் செய்து செய்துதான் கை பழகுகிறது.

நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் துணைக்கருவி செய்வது பெரிய பாடம். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, அந்தக் கூழில் தமிழ்நாட்டு மலைகளைச் செய்தேன். நீலகிரி விரிசல் விட்டு, மூன்று தடவை அப்பினேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் எங்கே என்று இன்றைக்கும் என் கட்டைவிரலுக்குத் தெரியும். அந்த இடத்தைத்தான் அழுத்தி அழுத்தித் தாழ்த்தினேன்.

இன்றைக்கு என்ன நடக்கிறது? பிள்ளைக்கு 'ப்ராஜெக்ட்' கொடுத்தால் பெற்றோர் கடைக்குப் போகிறார்கள். எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் தெர்மாகோலில் தயாராக விற்கிறது. பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருக்கிறது. அதைத்தான் பிள்ளை பள்ளிக்குக் கொண்டுபோகிறது. டீச்சரும் 10-க்கு 10 போடுகிறார். இதுவும் ரீகாஸ்ட்தானே? பிள்ளையின் கையை நம்பி, கோணலான எரிமலையைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோருக்குத்தான் அவமானம் நேர்கிறது.

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்ல வேண்டும்.

1990-களின் நடுவில், ஆறாம் வகுப்பு, சமூக அறிவியல். இந்திய வரைபடம் வரைந்துகொண்டு வரச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, புத்தகத்தின் மேல் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அச்சு அசலாக இருந்தது. எல்லோருக்கும் 9 போட்டேன். ஒரு பையன் மட்டும் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கையாலேயே போட்டிருந்தான். குஜராத் பெரிதாகப் புடைத்திருந்தது. வடகிழக்கு மாநிலங்கள் ஒரு வாலாகச் சுருங்கியிருந்தன. 4 போட்டு, "கவனம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

"டீச்சர், நான் பாத்துப் போட்டேன் டீச்சர்" என்றான்.

"அதான் தெரியுதே" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த படத்துக்கு அவனும் எண்ணெய்த் தாளோடுதான் வந்தான். நான் அவனுக்கும் 9 போட்டேன். வளைகாப்புப் பந்தியில் அந்தச் சிரிப்பு எழுந்தபோது எனக்கு வாய் வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். நானேதான் தொடங்கி வைத்தேன்.

தலைமையாசிரியராக இருந்தபோது இன்னொன்றும் செய்தேன். வாரத்தில் இருந்த கைத்தொழில் பாடவேளையை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தேன். "அந்த நேரத்துல மண்ணையும் காகிதத்தையும் வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போவுதுங்க?" என்று கேட்டவள் நான்தான். என்னிடம் படித்தவர்கள் பலருக்கு அந்த வேளை கிடைக்காமலே போனது. "அத்தை மூலை" அந்தப் பெட்டியில் மட்டும் இல்லை.

சில பேர் கேட்கலாம்: "டீச்சர், அந்தப் பெட்டியின் உருவமே அவனுடையது இல்லையே? அதுவும் இன்னொருவர் கற்பனைதானே?" நியாயமான கேள்வி. உருவத்தின் உரிமை தொடரை எடுத்தவர்களுக்குத்தான். அதனால்தான் அவன் விற்கவில்லை. மொத்தம் 4 வார்த்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று அந்த நண்பனுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று உப்பிப்போன அந்த இட்லி. அதை அவன் எறியவில்லை. ஈரம் என்ன செய்யும் என்று காட்டுவதற்கு வைத்திருக்கிறான். தன்னுடைய பெட்டிக்கு முன்னால் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறான். அதில் எழுதியிருப்பது: "வடிவமைத்துச் செய்தவர்: வா சாங், 1966. பார்த்துச் செய்தது: நான்." தொடரின் பெயர்ப் பட்டியலில் வராத பெயர், கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் அட்டையில் இருக்கிறது. 2003-ல் காலமாகிவிட்ட அந்த மனிதருக்கு இது தெரியப் போவதில்லை. ஆனாலும் எழுத வேண்டும் என்று இந்தப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. யாரைப் பார்த்துக் கற்றோம் என்று சொல்கிறவன் காப்பியடிக்கிறவன் இல்லை. மறைப்பவன்தான் காப்பியடிக்கிறவன்.

"இந்தத் திறமையைப் பார்த்து ஒரு பெரிய கம்பெனி அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது" என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இன்னும் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறான். சிலிகானும் ரெசினும் சேர்த்து 6,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அவன் சேமிப்புதான் அது. ஆனாலும் வேலையில்லாத வீட்டில் அது பெரிய பணம். என் தம்பிக்கு இருக்கும் கவலை நியாயமானது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இது வேலைக்குப் பதிலாகச் செய்தது இல்லை. வேலை தேடுகிற காலத்தில் மனம் உடையாமல் இருக்கச் செய்தது. எட்டு நேர்முகத் தேர்வில் ஏன் எடுக்கவில்லை என்று யாரும் அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. ரெசின் மட்டும்தான் சொன்னது: ஈரம் இருந்தது, காற்றுக்கு வழி இல்லை, திருத்து. திருத்தினான், வந்தது. இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆறுதல் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் வேண்டுகோள்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: வாரத்தில் ஒரு பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பூட்டையோ, ஒரு சங்கையோ, ஒரு பூசணிக்காம்பையோ மேசை மேல் வைத்து, பார்த்து மண்ணில் செய்யச் சொல்லுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். "எங்கே தப்பியது, ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். உடைந்ததையும் எறியாமல் வையுங்கள்.

பெற்றோருக்கு: ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்காதீர்கள். கோணலான எரிமலையை அனுப்புங்கள். டீச்சர் குறைத்து மதிப்பெண் போட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன்.

உறவுகளுக்கு: அடுத்த விசேஷத்தில் அவனைப் பார்த்தால் "வேலை கிடைச்சுதா?" என்று கேளுங்கள், பரவாயில்லை. கூடவே "அந்தப் பெட்டியைக் காட்டேன்" என்றும் கேளுங்கள். கையில் வாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். மேலே ஒரு வட்டம் இருக்கும். கோடு போட்ட இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சுழன்று அலை அலையாகத் தெரியும். வா சாங் செய்தபோது அதைச் சுழற்ற ஸ்டாப் வாட்ச் இயந்திரத்தை வைத்தார்களாம். நம் பையன் ஒரு பழைய கடிகாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறான். அந்தக் கடிகாரம் யாருடையது என்று என் தம்பிக்கு இன்னும் தெரியாது. நம் அப்பாவுடையது, தம்பி. ஓடாமல் பீரோவில் கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு.

"சித்திரை பொறக்கறதுக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணு" என்று நீ சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் வீடு, உன் விருப்பம். காலி செய்யத்தான் வேண்டும் என்றால், என் வீட்டுப் பின்கட்டில் இரண்டு ஜன்னல் உள்ள அறை சும்மாதான் கிடக்கிறது. நேற்று ஒட்டடை அடித்துவிட்டேன்.

கடைசியாக, அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு. இப்போது உனக்கு நாற்பது வயது ஆகியிருக்கும். இந்தப் பக்கத்தில் நீ இருக்கிறாயா என்று தெரியவில்லை. உன் பெயரை இங்கே எழுதவில்லை; ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ பார்த்துத்தான் போட்டாய். அதனால்தான் குஜராத் பெரிதாக வந்தது. அன்று நான் செய்திருக்க வேண்டியது, உன்னைச் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, "எங்கே பெரிசாச்சு, பாரு. இன்னொரு தடவை போடு" என்று சொல்வது. அதைச் செய்யவில்லை. மன்னித்துவிடப்பா. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சிரித்தேன், அதனால் எல்லோருக்கும் முன்னாலேயே கேட்கிறேன்.

 நீங்கள் சின்ன வயதில் பார்த்துச் செய்த ஒரு பொருளைப் பற்றிக் கீழே எழுதுங்கள். கோணலாக வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்